வீட்டு வாசலில் ஜாக்கி போடுகிறவர்களுக்கு

சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து, தானே ஓட்டி, முன்பக்க வேலையையும் வீட்டு வாசலிலேயே தானே பார்த்துக்கொள்ளும் அண்ணன் தம்பிமார்களுக்கும், ஸ்டியரிங் பிடிக்கும் அக்கா தங்கச்சிமார்களுக்கும் இந்த மடல்.

கொல்லிமலை அடிவாரம், காரவள்ளியிலிருந்து எழுதுகிறேன். மேலே சோளக்காட்டிலிருந்து அன்னாசியும் வாழையும் பலாவும் ஏற்றி நாமக்கல் பக்கம் இறக்குவதுதான் என் பிழைப்பு. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வாரத்துக்கு நாலு நடையாவது ஏறி இறங்குகிறேன். இந்த மடலை எழுத உட்காரவைத்தது போன ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த ஒரு காட்சி.

பக்கத்து ஊரில் ஒரு தம்பி வீட்டு வாசலில் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, ஒற்றை ஹாலோ பிளாக் மேல் சேஸை உட்கார வைத்திருந்தார். ஜாக்கியை உருவி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் உடம்பு இடுப்பு வரைக்கும் வண்டிக்குக் கீழே. மூன்று வயதுப் பிள்ளை அப்பாவின் காலைத் தொட்டு விளையாடிக்கொண்டிருக்கிறது. "தம்பி, முதலில் வெளியே வா" என்றேன். "அஞ்சே நிமிஷம்ண்ணே, முடிஞ்சுது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. காலைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தேன். அவருக்கு என் மேல் கோபம்கூட வந்திருக்கும். வரட்டும்.

ஹாலோ பிளாக்கைச் சுவரில் மற்ற கற்களோடு சேர்த்துப் பூசி நிறுத்தினால் மாடியையே தாங்கும். ஒரே இடத்தில் இரும்பு முனை குத்தி உட்கார்ந்தால் அது எந்த நொடியில் உடையும் என்று யாரும் சொல்ல முடியாது. மரக்கட்டையாவது முனகும், நெரியும், கொஞ்சம் நேரம் கொடுக்கும். ஹாலோ பிளாக் சொல்லாமல் கொள்ளாமல் பொடியாகும். வெறும் வண்டியே ஒன்றரை டன்னுக்கு மேல். இன்ஜின் இருப்பதால் அதில் பாதிக்கு மேல் முன்பக்கத்தில்தான் நிற்கிறது.

வேலையை வீட்டில் பார்ப்பது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. நானும் பார்க்கிறேன். வண்டி ஒரு நாள் நின்றால் வாடகை போச்சு, மாதத் தவணை மட்டும் நிற்காது. நாமக்கல் பக்கம் பட்டறைக்குப் பஞ்சமில்லை, ஆனால் பெரிய லாரிகளின் வரிசையில் நம் பிக்கப்புக்கு முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தன் வண்டியின் நக்கிளையும் ஆர்மையும் தன் கையால் ஒரு முறை கழற்றிப் பூட்டியவர், ஸ்டியரிங்கில் வரும் ஒரு சின்ன உதறலைக்கூட வேறு மாதிரி கேட்பார். இருபத்தைந்தாவது வளைவில் வந்த "டக்" எந்த மூலையிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவு பணம் கொடுத்து வாங்குவதில்லை. ஆகவே செய்யுங்கள். எப்படிச் செய்கிறோம், குறிப்பாக எப்படி முடிக்கிறோம் என்பதைப் பற்றித்தான் என் மனதில் பாரம்.

அந்தப் பாரம் எனக்கு ஏறிய கதையைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி 17. மேலே வல்வில் ஓரி விழா. மறுநாள் பதினெட்டாம் பெருக்கு. சாலை நிறைய பஸ்ஸும் வேனும் மோட்டார் சைக்கிளும். முந்தின நாள் சாயங்காலம் வாசலில் வண்டியைத் தூக்கி வலது பக்கக் கீழ் பால் ஜாயிண்ட்டை மாற்றினேன். என் வண்டிக்கு முன்னால் டபுள் விஷ்போன், டார்ஷன் பார். வேலை நல்லபடியாகவே போனது. பழைய ஜாயிண்ட் அடம்பிடிக்காமல் கழன்றது, புதியது சிக்கென்று உட்கார்ந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. கரண்ட் போனது. விடிகாலை மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். கேசில் நட்டைக் கைக்குத் தெரிந்த அளவு முறுக்கினேன். பழைய காட்டர் பின் ஒடிந்திருந்தது, புதியது எங்கேயோ உருண்டுவிட்டது. காலையில் வெளிச்சத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று டயரை மாட்டி இறக்கிவிட்டேன்.

காலையில் மறந்துபோனேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. அன்னாசி ஏற்றி இறங்கும்போது பாதி மலையில் ஒவ்வொரு இடது வளைவிலும் ஒரு "டக்". ஷாக்ஸ் புஷ் என்று நினைத்தேன். பின்னால் ஒரு பஸ், முன்னால் குடும்பம் குடும்பமாக மோட்டார் சைக்கிள்கள். ஒதுங்க இடமில்லாமல் காரவள்ளி வரைக்கும் இரண்டாவது கியரிலேயே இறக்கினேன். டீக்கடை ஓரம் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தால், கேசில் நட்டு நாலு மரை பின்வாங்கி நிற்கிறது. நட்டுக்கும் நக்கிளுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நகம் நுழைந்தது. அந்த இடைவெளியை இன்றைக்கும் என் விரல் மறக்கவில்லை.

அன்று காப்பாற்றியது என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. பால் ஜாயிண்ட்டின் தண்டு கூம்பாக, அதாவது டேப்பராக இருக்கும். நக்கிளில் உள்ள ஓட்டையும் அதே டேப்பர். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டதால் நட்டு தளர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்தது. என் வண்டி மாதிரியான அமைப்பில் கீழ் ஆர்மை ஸ்பிரிங் கீழே தள்ளுகிறது, நக்கிளைச் சக்கரம் மேலே தள்ளுகிறது, நடுவில் பால் ஜாயிண்ட் இழுபட்டே நிற்கிறது. சில வண்டிகளில் அதே ஜாயிண்ட் நசுங்கும் நிலையில் வைக்கப்பட்டிருக்கும், தேய்ந்தாலும் கனமே அதைச் சேர்த்துப் பிடிக்கும். இழுபடும் அமைப்பில் அந்தத் தயவு கிடையாது. கழன்றால் சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து, வண்டி மூக்கால் தார்ச்சாலையை உழும். 2005-இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் டகோமா உள்ளிட்ட வண்டிகளை லட்சக்கணக்கில் திரும்ப அழைத்ததே இந்தக் கீழ் பால் ஜாயிண்டுக்காகத்தான். அந்தச் சின்ன உருண்டையின் மேல் எவ்வளவு நிற்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். நம் ஆட்களில் பலர் கழற்றுவதில் கெட்டிக்காரர்கள், பூட்டுவதிலும் மோசமில்லை. பூட்டி முடித்துக் கையைத் துடைப்பதற்கு முன் உள்ள கடைசிக் கால் மணி நேரத்தில்தான் கோட்டை விடுகிறோம். காட்டர் பின், சரியான முறுக்கு, வண்டியைத் தரையில் நிறுத்தி புஷ் போல்ட்டை இறுக்குவது, ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி பார்ப்பது எல்லாமே அந்தக் கால் மணி நேரத்துக்குள் வருகிறவை. புது பார்ட்ஸ் உள்ளே போய்விட்டது என்ற நிம்மதியில் மனசு அதற்குள் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் போய்விடுகிறது.

முதலில் தூக்குவதைச் சொல்லிவிடுகிறேன். வாசல் மண்தரை என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகையோ இரும்புத் தகடோ வேண்டும். மழை பெய்த மறுநாள் வேண்டவே வேண்டாம். பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, கியரும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, அவை தரையில் இருப்பதால் இரண்டையும் போடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் சீல் அறுந்தால் அது இறங்கிவிடும். சேஸின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, உள்ளே நுழைவதற்கு முன் வண்டியைத் தோளால் நாலு தள்ளுத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைச் சேஸுக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

இனி, ஆட்டம் பார்ப்பது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல ஜாயிண்ட்டை மாற்றிவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டுவைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். முன்பக்கத்தைச் சேஸில் தூக்கிவிட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து "டைட்டா இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்பிரிங் எந்த ஆர்மில் இருக்கிறதோ அந்த ஆர்மின் பால் ஜாயிண்ட்தான் கனம் சுமக்கிறது, முதலில் தேய்வதும் பெரும்பாலும் அதுதான். டார்ஷன் பாரோ காயிலோ கீழ் ஆர்மைத் தள்ளுகிற வண்டியில் சேஸில் தூக்கினால், ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்தி ஜாயிண்ட்டை ஒரு பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த ஜாயிண்ட்டும் புதுசு மாதிரி நடிக்கும். ஆகவே ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்ட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே கொடுத்துத் தூக்குங்கள். டயர் தரையைவிட்டு இரண்டு விரல் எழும்பினால் போதும். ஸ்பிரிங் மேல் ஆர்மில் இருக்கிற வண்டி என்றால் தலைகீழ். அப்போது சேஸில்தான் தூக்க வேண்டும், மேல் ஆர்முக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு கட்டை செருகி.

எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு என் மகள்தான் துணை. பத்தாவது படிக்கிறாள். டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக அசைப்பேன். ஆட்டம் தெரிந்தால், "பிரேக்கை அழுத்திப் பிடி கண்ணு" என்பேன். "மிதிச்சுட்டேன்ப்பா" என்று குரல் வந்ததும் மறுபடி அசைப்பேன். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது ஆர்ம் புஷ். டயரின் இடதும் வலதும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் வந்தால் பெரும்பாலும் டை ராட் எண்டு. அதற்குப் பிறகு கடப்பாரையை டயருக்கு அடியில் கொடுத்து மேலே நெம்புவேன். அவள் டார்ச்சை ஜாயிண்ட்டின் மேல் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "அப்பா, ரப்பர் பூட்டுக்கு மேல மூச்சு விடற மாதிரி அசையுது" என்று ஒரு நாள் சொன்னாள். நான் டயர் பக்கம் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்ன அந்த மூச்சுதான் தேய்மானம். வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனியாளாக முன்பக்கத்தைச் சோதிக்க முடியாது, வண்டிக்கடியில் தனியாளாக இருக்கவும் கூடாது.

எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டியிருக்கிறது. அந்த வாரத்தில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மலையேறுகிற வண்டிக்கு அது போதாது. நான் ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.

அடுத்தது ஸ்பிரிங். காயில் ஸ்பிரிங் என்றால் எல்லோருக்கும் பயம் உண்டு, பார்த்தாலே தெரிகிறது அது சுருட்டி வைத்த பாம்பு என்று. டார்ஷன் பார் அப்படித் தெரியாது. சேஸை ஒட்டி நீளமாகக் கிடக்கும் சாதாரணக் கம்பி. 1931-இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே அதற்குக் காப்புரிமை வாங்கினார், 1934-இல் சிட்ரோயன் கம்பெனியின் ட்ராக்ஸியோன் அவான் கார் அதே உத்தியோடு சாலைக்கு வந்தது. அன்றிலிருந்து அதன் வேலை ஒன்றுதான்: ஒரு முனை ஆர்மிலும் மறு முனை சேஸின் குறுக்குச் சட்டத்திலும் மாட்டியிருக்க, நடுவில் முறுகுவது. சாதுவாகக் கிடப்பதால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முன் சக்கரத்தின் பங்குக்கு 500 கிலோ, ஸ்பிரிங் அதற்காக 15 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றல், 50 கிலோ சிமெண்ட் மூட்டையை முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். பால் ஜாயிண்ட்டைப் பிரிக்கும் நேரத்தில் ஆர்முக்கு அடியில் கொடுத்த ஜாக்கி நழுவினால் அந்த மூட்டை உங்கள் மணிக்கட்டில் இறங்கும்.

அதனால் நான் முதலில் டார்ஷன் பாரின் முறுக்கை இறக்கிவிடுகிறேன். பின்முனையில் ஆங்கர் ஆர்மைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டின் மரை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுவேன். என் வண்டியில் இடது 62 மில்லி, வலது 59. பாரும் ஆர்மும் சேருமிடத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு. பிறகு மெதுவாகத் தளர்த்துவது. பாரை வெளியே எடுத்தால் இடது எது வலது எது என்று கட்டாயம் குறித்து வையுங்கள். தயாரிக்கும்போதே ஒரு திசையில் முறுக்கிப் பழக்கிய கம்பி அது, மாற்றி மாட்டினால் ஒடியும். பைப் ரெஞ்ச் போட்டுப் பிடிப்பது, கேஸ் வைத்துச் சூடேற்றுவது எதுவும் ஆகாது. மேலே விழுந்த ஒரு கீறல் போதும், விரிசல் அங்கேயிருந்து கிளம்பும்.

டேப்பரைப் பிரிக்கும்போது நட்டை முழுவதும் கழற்றாமல் நாலைந்து மரையில் விட்டுவையுங்கள். பிரிந்தாலும் பறக்காது. தண்டின் தலையில் சுத்தியலால் அடிப்பதால் மரை கெடுவது ஒன்றுதான் மிச்சம். நக்கிளில் ஓட்டை இருக்கும் அந்தத் தடித்த பகுதியின் பக்கவாட்டில், ஒரு பக்கம் கனமான இரும்பைத் தாங்கிக்கொண்டு மறுபக்கம் இரண்டு அடி. ஓட்டை ஒரு கணம் நெளிந்து டேப்பர் தானாகக் கழன்று விழும். அந்தச் சத்தம் தனி. ஒரு தடவை கேட்டவருக்கு மறக்காது. கழற்றிய பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டுச் சேஸில் கட்டுங்கள்.

முன்னால் ஸ்ட்ரட் உள்ள மாருதி சூப்பர் கேரி மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை. ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவில் இருக்கும் நட்டை, ஸ்பிரிங்கைக் கம்பிரஸரால் நெருக்கிப் பிடிக்காமல் தொடவே தொடாதீர்கள். கம்பிரஸர் இல்லையென்றால் ஸ்ட்ரட்டை முழுசாக இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். குட்டி யானை மாதிரி முன்னால் கமான் பட்டை உள்ள வண்டிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே கிங் பின் இருக்கிறது. அதன் புஷ்ஷை அளவுக்கு ரீமர் போட்டுச் சேர்ப்பது லேத்து பட்டறை வேலை, வாசல் வேலை இல்லை.

புஷ் என்றதும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆர்மிலிருந்து பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுத்து, புதியதையும் அடித்தே ஏற்றுகிறோம். வெளிக்கூடு நசுங்கி, ஆர்மின் கண் நீள்வட்டமாகி, மூன்று மாதத்தில் பழைய சத்தம் திரும்பி வருகிறது. ஆர்மைக் கழற்றி லேத்து பட்டறைக்கு எடுத்துப்போய் பிரஸ்ஸில் ஏற்றுங்கள். பத்து நிமிஷ வேலை. கிரீச்சென்று சத்தம் வந்தால் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிற வழக்கத்தையும் விடுங்கள். ஆயில் பட்ட ரப்பர் ஊறிப் பெருத்து உதிர்ந்துவிடும். ஏற்றும்போது வழுக்க வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும்.

இப்போது அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துக்கு வருகிறேன்.

ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் உள்கூட்டோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியிருக்கிறது. போல்ட்டை இறுக்கியதும் உள்கூடு சேஸோடு அசையாமல் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஆர்ம் ஏறி இறங்குவது முழுக்க அந்த ரப்பரின் நெளிவில்தான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலையையே ரப்பர் தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கிய நிமிஷமே அது முறுகிவிடுகிறது. நிற்கும்போதும் முறுகி, ஓடும்போது இன்னும் முறுகி, சீக்கிரத்தில் கிழிந்துவிடும். "கம்பெனி புஷ்ஷே ஆறு மாசம் தாங்கலை" என்று சொல்கிறவர்களில் எத்தனையோ பேர் புஷ்ஷைத் தொங்கலில் இறுக்கியவர்கள். தொங்கும்போது போல்ட்டை நுழைத்து நட்டைக் கையளவு மட்டும் ஏற்றுங்கள். டார்ஷன் பார் போல்ட்டைச் சுவரில் எழுதிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் இரண்டு கெஜம் உருட்டி, பம்பரை நாலு முறை அழுத்திவிட்டு, வண்டி தன் இயல்பான உயரத்தில் உட்கார்ந்த பிறகு அடியில் கைவிட்டு இறுக்குங்கள். நம் வண்டிகளுக்கு அந்த அளவுக்கு அடி உயரம் இருக்கிறது.

கேசில் நட்டை, வண்டிக்குரிய புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். காட்டர் பின் ஓட்டையும் நட்டின் பள்ளமும் நேருக்கு நேர் வரவில்லையென்றால் நட்டைத் தளர்த்தி நேர்படுத்தாதீர்கள். அடுத்த பள்ளம் வரும் வரைக்கும் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். தளர்த்தினால் டேப்பரின் கவ்வல் போய்விடும். காட்டர் பின் எப்போதும் புதுசு. ஒரு முறை மடக்கி நிமிர்த்திய கம்பி அடுத்த மடக்கலில் ஒடியக் காத்திருக்கிறது. ஒரு பாக்கெட் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள், டீக்குச் செலவாகிற காசு. வேலையைத் தொடங்கும்போதே தேவையான பின்களை எடுத்து ஒரு தட்டில் எண்ணி வைத்துவிடுவது என் பழக்கம். தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் சக்கரத்தை மறுபடி கழற்றுவேன், மணி எத்தனை ஆனாலும்.

சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். அப்போதே டார்ச் அடித்து எல்லாப் பின்களையும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். பிறகு அலைன்மென்ட். நூல் கட்டி டேப்பால் அளந்து டோவை ஓரளவு சரிசெய்யலாம், பட்டறை வரைக்கும் ஓட்டிப்போக அது போதும். கேம்பரும் காஸ்டரும் நூலுக்குச் சிக்காது. ஆர்மையோ பால் ஜாயிண்ட்டையோ தொட்டால் அலைன்மென்ட் கடைக்குப் போயே ஆக வேண்டும். டயர் ஒரு பக்கம் மட்டும் மழுங்கிப்போன பிறகு போவது செலவுக்கு மேல் செலவு.

டார்ஷன் பார் வண்டிக்காரர்களிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். லோடு ஏற்றினால் மூக்கு தாழ்கிறது என்று அந்த ஆங்கர் போல்ட்டைச் சுற்றுச் சுற்றாக இறுக்குகிறோம். வண்டி நிமிர்ந்து நிற்கிறது, ஸ்பிரிங் பலமாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆகவில்லை. கம்பியின் விறைப்பு அதன் தடிமனிலும் நீளத்திலும் இருக்கிறது. தடிமன் பத்து சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடும். போல்ட்டை இறுக்கினால் ஒரு சதவீதம்கூடக் கூடாது, உயரம் மட்டும் கூடும். அந்த உயரத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. ஆர்ம் கீழே இறங்க இடமில்லாமல் தடுப்பில் முட்டிக்கொள்ளும், பால் ஜாயிண்ட் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே தேயும், கேம்பரும் டோவும் விலகி டயரைத் தின்னும், பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் தரையைத் தேடித் தொங்காமல் அந்தரத்தில் நிற்கும். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கப் பள்ளத்தில் அந்த ஒரு கணம் உங்கள் கையில் ஸ்டியரிங் இருக்கும், பிடிமானம் இருக்காது. கம்பி தளர்ந்து வண்டி தாழ்ந்திருந்தால் புத்தகத்தில் உள்ள உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்குமேல் வேண்டாம். மூக்கு அதற்குப் பிறகும் தாழ்ந்தால் லோடைக் குறையுங்கள். எனக்கும் வாடகை வேண்டும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்கும் நேரத்தையும் மாற்றிக்கொள்வோம். மறுநாள் விடிகாலை நடை இருக்கிறது என்றால் முந்தின சாயங்காலம் முன்பக்கத்தைப் பிரிக்கக் கூடாது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டுக்கு முன் முடியவில்லையென்றாலும் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும். வாடகை பேசிவிட்டுக் காத்திருக்கும் மண்டிக்காரரிடம் "வண்டி முன்பக்கம் பிரிச்சிருக்கேன், நாளைக்கு வர முடியாது" என்று சொல்ல நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. கூட வரும் கிளீனர் பையன்களுக்கும் காட்டர் பின் போடுவதைக் கற்றுக்கொடுங்கள். கழற்றுவதை அவர்கள் பார்த்தே பழகிவிடுகிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே இழுத்த தம்பிக்கு என் வீட்டிலிருந்து ஸ்டாண்டு எடுத்துவந்து கொடுத்தேன். நாலு மணிக்கு வேலை முடிந்து வண்டியைத் தரையில் இறக்கினார். புஷ் போல்ட்டை அதற்குப் பிறகுதான் இருவருமாக இறுக்கினோம். பின்னையும் அவரே போட்டார், இரண்டு காலையும் மடக்கி, அரத்தால் முனையைத் தேய்த்து, பிள்ளை கையில் குத்தாதபடி.

ஊரில் எல்லோருமே ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் வாங்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் நாம் பத்திருபது வண்டி இருக்கிறோம். மூன்று டன் ஸ்டாண்டு ஒரு ஜோடியும், டார்க் ரெஞ்சு ஒன்றும், அரை இஞ்ச் சாக்கெட் செட்டும் என் வீட்டுத் திண்ணையில், நீலச் சாக்குக்குள் இருக்கின்றன. வேண்டியவர்கள் கேட்காமலே எடுத்துப் போகலாம். நான் நடைக்குப் போயிருந்தால் வீட்டில் மகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். டார்க் ரெஞ்சைத் திருப்பிக் கொடுக்கும்போது அளவைக் கீழே இறக்கி வைத்துக் கொடுங்கள், உள்ளே இருப்பதும் ஒரு ஸ்பிரிங்தான். காட்டர் பின் பாக்கெட்டும் அதே சாக்கில் இருக்கிறது. அதைத் திருப்பித் தர வேண்டாம்.

அன்புடன்,
காரவள்ளியிலிருந்து ஒரு பிக்கப் ஓட்டுநர்